நன்மதிப்பு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உயர்தர வணிகப் பிரிவில் படிக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பங்குடைமைக்குப் புதுப் பங்காளர் சேரும்போது கணக்கில் செம்மையாக்க வேண்டிய தொகைதான் நன்மதிப்பு என்று தயங்காமல் சொல்லும். கடைத்தெருவில் அதையே ‘குட்வில்’ என்கிறோம். பெரிய வீடியோ கேம் நிறுவனமொன்றைப் பல பில்லியன் டொலர் கொடுத்து வாங்குவது கட்டுப்படியாகுமா என்ற கேள்வியும் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்கிறது.

நல் + மதிப்பு. ‘மதி’ என்ற வினைக்கு அளவிட்டு விலை காணுதல், உயர்வாக எண்ணுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. நாம் கணக்கில் எழுதும் ‘பெறுமதி’யிலும் அதே மதிதான். ஆங்கிலத்தில் குட்வில் என்பது முதலில் வெறும் நல்லெண்ணம். நல்லெண்ணத் தூதுவர் என்கிறோமே, அந்தப் பொருள். வணிகத்துக்குள் வந்தபின், 1810இல் எல்டன் பிரபு என்ற இங்கிலாந்து நீதிபதி அதற்கு ஒரு விளக்கம் தந்தார்: பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே திரும்பி வரக்கூடிய வாய்ப்பு. கல்முனை பஸ்ஸில் ஏறியதும் கேண்டி கிரஷைத் திறந்து, களுவாஞ்சிகுடி தாண்டியும் தலை நிமிராமல் விளையாடும் அக்காவை நினைத்தால் அவர் சொன்னது விளங்கும்.

இன்றைய கணக்கியலில் இது மிச்சத் தொகை. இனங்காணக்கூடிய சொத்துக்களைக் கூட்டி, கடன்களைக் கழித்து, அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தீர்களோ அதுவே நன்மதிப்பு. 2023 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட், அந்தக் கேண்டி கிரஷையும் கையில் வைத்திருந்த அக்டிவிசன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை வாங்கி முடித்தது. கணக்கில் பதிந்த விலை சுமார் 75 பில்லியன் டொலர். விளையாட்டுப் பெயர்கள், தொழில்நுட்பம் போன்ற தொட்டுப் பார்க்க முடியாத சொத்துக்களுக்கு ஏறத்தாழ 22 பில்லியன் போட்டார்கள். நன்மதிப்பு என்று எழுதியது சுமார் 51 பில்லியன்.

அந்த 51 பில்லியனுக்குள் என்ன இருக்கிறது? இரண்டு நிறுவனமும் சேர்வதால் வருமென்று எதிர்பார்க்கும் இலாபம் ஒரு பங்கு. இன்னொன்று வேலையாட்கள். பணியாளரைத் தனிச் சொத்தாக எழுதக் கணக்கியல் நியமம் விடாது. அவர்களின் கைத்திறன் நன்மதிப்போடு கலந்துவிடும். எங்கள் பக்கத்து எருமைத் தயிர்க் கடையொன்றை விலைக்கு வாங்கிவிட்டு, உறை ஊற்றிய மனுசியை வீட்டுக்கு அனுப்பினால் வாங்கியவர் கையில் சட்டிதான் மிஞ்சும். 2024 ஜனவரியில் மைக்ரோசொப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதியைத் தானே வெளியே அனுப்பியதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதே சொல் ‘நற்பெயர்’. நல்ல சொல்தான், ஆனாலும் நம்முடையதே பொருத்தம் என்பேன். ஈ.ஏ. (எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்) என்ற கேம் நிறுவனம் 2023இல் ஃபீபா என்ற பெயரை விட்டு, தன் கால்பந்து விளையாட்டை ‘ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.’ என்று வெளியிட்டது. முப்பது வருடப் பெயர் போயிற்று. ஆட்டக்காரர் கூட்டம் அதோடு போய்விடவில்லை. ஒட்டியிருந்தது பெயரில் அல்ல, விளையாட்டின் மேலிருந்த மதிப்பில்.

இந்த மதிப்பு தேயவும் செய்யும். டேக்-டூ என்ற கேம் நிறுவனம் 2022இல், கைபேசி விளையாட்டுகள் செய்யும் சிங்காவை 12.7 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் தன் நன்மதிப்பில் சுமார் 3.5 பில்லியனைப் பெறுமதி இழந்ததாக எழுதித் தள்ளியது. காசு கொடுத்தது முன்னமே. பிழை ஏட்டில் ஏறப் பிந்துகிறது. ஆகவே வாங்கிய அன்று வரும் பங்கு விலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

2025 செப்டெம்பரில் ஈ.ஏ.யையே 55 பில்லியன் டொலருக்கு வாங்கச் சவூதி பொது முதலீட்டு நிதியமும் கூட்டாளிகளும் உடன்பட்டார்கள். அதில் 20 பில்லியன் கடன். வட்டியை விளையாட்டுகள்தான் உழைத்துக் கட்ட வேண்டும். செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கை போவது சம்பளப் பட்டியலுக்கு. அங்கே வெட்டினால் விளையாட்டைச் செய்யும் ஆட்களே குறைவார்கள். இந்தக் கடன் சுமையோடு ஈ.ஏ.யை வாங்குவது கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.