நியூசிலாந்தில் வீடு ஆடினால்: யார் தருவார்கள், ஏன் இழுக்கும்?

நியூசிலாந்தில் சொந்த வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் பிரீமியம் பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தீயணைப்பு லெவிக்கு (கட்டாயக் கட்டணம்) பக்கத்தில் இன்னொரு லெவி தனியாக நிற்கும். 2022 அக்டோபரில் வைத்த விகிதப்படி காப்புத் தொகையில் 100 டாலருக்கு 16 சென்ட். வருஷத்துக்கு அதிகபட்சம் 480 டாலர், அதன்மேல் ஜி.எஸ்.டி. அநேகமாக எல்லா வீட்டுக்கும் இந்த உச்சத் தொகையே விழும். "எதுக்கு இது?" என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. நிலநடுக்கத்தில் வீடு சேதமானால் முதல் 3 லட்சம் டாலர் வரை (ஜி.எஸ்.டி. தனி) அரசு அமைப்பு ஒன்று தருவதற்கான சந்தா அது. அந்த அமைப்பின் இன்றைய பெயர் நேச்சுரல் ஹசார்ட்ஸ் கமிஷன். 2024 ஜூலை வரை அதைக் குறித்தது ஈ.க்யூ.சி. (எர்த்க்வேக் கமிஷன்) என்ற மூன்றெழுத்துதான். 2010-11 நடுக்கங்களில் அடிபட்ட கிறைஸ்ட்சர்ச் நகரில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், ஆளுக்கு ஒரு கதை வரும்.

திட்டம் பிறந்ததே காத்திருப்பிலிருந்துதான். 1942-ல் வைரரப்பா பகுதி நிலநடுக்கத்தில் வெலிங்டன் வரை வீடுகள் அடிபட்டன. போர்க்காலம், ஆள் இல்லை, பொருள் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. பல வீடுகள் சரிசெய்யப்படாமலே கிடந்தன. அதைப் பார்த்துத்தான் 1944-ல் சட்டம் போட்டு, நிலநடுக்கச் சேதத்தையும் போர்ச் சேதத்தையும் சேர்த்துக் கவனிக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். 1993-ல் போர் போய் நிலநடுக்கம் மட்டும் பெயரில் நின்றது. இப்போது நடப்பிலிருப்பது 2023-ம் வருஷச் சட்டம்.

இதில் சேர தனியாக விண்ணப்பம் எதுவும் கிடையாது. தனியார் கம்பெனியில் தீ விபத்தையும் உள்ளடக்கிய வீட்டு பாலிசி இருந்தால், இந்தக் காப்பும் தானாக ஒட்டிக்கொள்ளும். பாலிசி இல்லையென்றால் இதுவும் இல்லை. "அரசாங்கம்தானே, எப்படியும் கொடுத்துவிடும்" என்று நினைத்து பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்குக் கை விரிப்புதான்.

நிலநடுக்கம், நிலச்சரிவு, எரிமலை, சுனாமி, பூமிக்கடியிலிருந்து பீறிடும் வெந்நீர், இவற்றால் மூளும் தீ ஆகியவற்றால் வரும் கட்டடச் சேதத்துக்குக் காப்பு உண்டு. புயலும் வெள்ளமும் வேறு கணக்கு: அவற்றில் நிலத்துக்கு மட்டும்தான் இந்தக் காப்பு, வீட்டுக்குத் தனியார் கம்பெனிதான். நிலம் என்றால் வாங்கிய மனை முழுவதும் என்று அர்த்தமில்லை. வீட்டுக்கு அடியில் உள்ளது, வீட்டைச் சுற்றி 8 மீட்டர், வீட்டுக்கு வரும் முக்கிய வழி 60 மீட்டர் வரை, அவ்வளவே. நிலத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு, சேதமான நிலத்தின் சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள். வேலி, கான்கிரீட் போட்ட டிரைவ்வே, நீச்சல்குளம் எல்லாம் வெளியே. வீட்டுச் சாமான்களுக்கு முன்பு 20,000 டாலர் வரை காப்பு இருந்தது. 2019-ல் எடுத்துவிட்டார்கள், அது இப்போது முழுக்கத் தனியார் பொறுப்பு. வீடு பழுதாகி வெளியே வாடகைக்குத் தங்கினால், அந்த வாடகையும் இதிலிருந்து வராது. தனியார் பாலிசியில் மாற்று இருப்பிடச் செலவு என்று ஒன்று இருக்கும். அதற்கு எவ்வளவு தொகை, எத்தனை மாதம் என்று இன்றே எடுத்துப் பார்த்துவிடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சில் பல குடும்பங்களுக்கு வேலை ஆரம்பிக்கும் முன்பே அந்தத் தொகை தீர்ந்துபோனது.

சரி, பணம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. பிறகு ஏன் அந்த ஊரில் பலருக்குக் கிளெய்ம் தீரப் பத்து வருஷம் ஆயிற்று? என் பார்வையில் திட்டத்தின் ஓட்டை தொகையில் இல்லை, ஒட்டுப்போட்ட இடங்களில் இருக்கிறது: அரசு முடிந்து தனியார் தொடங்கும் இடம், ஒரு நடுக்கம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், வீடு முடிந்து நிலம் தொடங்கும் இடம்.

2010 செப்டம்பர் 4 அதிகாலை 4.35-க்கு, கிறைஸ்ட்சர்ச்சுக்கு மேற்கே டார்ஃபீல்ட் பக்கம் 7.1 அளவில் முதல் நடுக்கம். ஐந்தரை மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 22 மதியம் 12.51-க்கு அதைவிடச் சிறியது. ஆனால் நகரத்துக்குக் கிட்டத்தட்ட காலடியிலேயே, ஆழமும் குறைவு. 185 பேர் இறந்தார்கள். அவர்களில் 115 பேர் சி.டி.வி. என்ற ஒரே கட்டடத்தில். ஜூனிலும் டிசம்பரிலும் மறுபடி பெரிதாக ஆடியது. ஏவன் ஆற்றங்கரைப் பக்கமுள்ள கிழக்குப் பகுதிகளில் பூமிக்கடியிலிருந்து சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டு வெளியே வந்து முற்றத்தையும் தெருவையும் மூடியது. ஈரமாக இருக்கும்வரை மண்வெட்டிக்கு வராமல் கனக்கும். காய்ந்தால் வடமேற்குக் காற்றில் பொடியாகப் பறந்து ஜன்னல் இடுக்கெல்லாம் புகும். மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதை வாரிக் கொட்டினார்கள். அள்ளி முடித்த தெருவில் அடுத்த நடுக்கம் மறுபடி சேற்றைக் கொண்டுவந்தது.

அப்போது ஈ.க்யூ.சி.யின் உச்ச வரம்பு ஒரு லட்சம் டாலர். அதற்கு மேல் போகும் சேதத்தைத் தனியார் கம்பெனி ஏற்க வேண்டும். இந்த வரம்பு வருஷத்துக்கா, ஒவ்வொரு நடுக்கத்துக்குமா? 2011-ல் உயர் நீதிமன்றம் ஒவ்வொரு நிகழ்வுக்கும் வரம்பு புதிதாக எழும் என்று தீர்ப்புச் சொன்னது. (48 மணி நேரத்துக்குள் வரும் சேதம் எல்லாம் ஒரே நிகழ்வு.) வீட்டுக்காரருக்கு நல்ல தீர்ப்புதான். ஆனால் அதன் பின்விளைவு இருக்கிறதே, அதைப் புரிந்துகொண்டால் பாதித் தாமதம் புரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டின் மொத்தச் சேதம் 1,30,000 டாலர். அதில் செப்டம்பரில் 60,000, பிப்ரவரியில் 70,000 என்றால் இரண்டும் வரம்புக்குள், முழுவதும் ஈ.க்யூ.சி. தலையில், தனியார் கம்பெனிக்கு ஒரு சென்ட் செலவில்லை. அதே வீட்டில் செப்டம்பரில் 10,000, பிப்ரவரியில் 1,20,000 என்று பிரித்தால் 20,000 டாலர் தனியாருக்குப் போகும். ஆக, வரவேற்பறைச் சுவரில் கதவு மூலையிலிருந்து ஏறிய விரிசல் எந்த மாதம் விழுந்தது என்பது பணப் பிரச்சினை ஆகிவிட்டது. செப்டம்பர் சேதத்தைப் பார்க்க ஆள் வருவதற்கு முன்பே பல வீடுகளுக்குப் பிப்ரவரி வந்துவிட்டது. எப்படிப் பிரிப்பது? இரண்டு தரப்பும் தங்கள் நிபுணர்களை அனுப்பின. இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது அறிக்கை. நடுவில் வீட்டுக்காரர் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டிருந்தார்.

வந்து குவிந்த கிளெய்ம்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். 15,000 டாலருக்கும் வரம்புக்கும் இடைப்பட்ட சேதமுள்ள வீடுகளை, பணம் கொடுக்காமல் ஈ.க்யூ.சி.யே பழுதுபார்த்துத் தருவது என்று முடிவெடுத்து, வேலையை ஃப்ளெட்சர் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 67,000-க்கும் மேற்பட்ட வீடுகள். எண்ணிக்கை பிரமிப்புதான்; தரம் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அங்குள்ள பழைய மர வீடுகள் கட்டைக் கால்கள் மேல் நிற்பவை. தரை சாய்ந்த இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, காலுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் துண்டுக் கட்டையைச் செருகிச் சமன்செய்தார்கள். சரியாகச் செய்தால் நல்ல முறைதான். ஆனால் சில வீடுகளில் செருகிய கட்டை கையால் அசைத்தாலே நகர்ந்தது. 2015-ல் அரசுத் துறையே பில்டிங் அனுமதி தேவைப்படாத 90 வீடுகளின் பழுதுவேலையைச் சோதித்தபோது 32 வீடுகளில் விதிப்படி இல்லை என்று கண்டது. செய்த வேலையைப் பிரித்து மறுபடி செய்யும் வரிசை ஒன்று புதிதாக உருவானது.

நிலமே உதவாது என்று தீர்மானித்த சிவப்பு மண்டலக்காரர்களின் பாதை வேறு. சுமார் 8,000 மனைகள். 2007-ம் வருஷ அரசு மதிப்பீட்டில் வீட்டையும் நிலத்தையும் அரசுக்கே விற்கலாம். அல்லது நிலத்தை மட்டும் விற்றுவிட்டு வீட்டுக்குத் தனியார் கம்பெனியிடம் பேசிக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு முதலில் நிலத்தின் மதிப்பில் பாதிதான் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-ல் அரசு தன் முடிவைத் திரும்பப் பரிசீலிக்க வேண்டியதாயிற்று.

இந்த அனுபவத்தின் மேல் டேம் சில்வியா கார்ட்ரைட் தலைமையில் பொது விசாரணை நடந்து 2020-ல் அறிக்கை வந்தது. அதற்கு முன்பே சில மாற்றங்கள் தொடங்கியிருந்தன. வரம்பு 2019-ல் ஒன்றரை லட்சம், 2022 அக்டோபரிலிருந்து 3 லட்சம். வரம்பு உயர உயர, இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொள்ளும் வீடுகள் குறையும் என்பதே முக்கியமான லாபம். இன்னொன்று, 2021 ஜூனிலிருந்து நீங்கள் பேச வேண்டியது உங்கள் தனியார் கம்பெனியுடன் மட்டும். அரசுப் பங்கையும் அவர்களே மதிப்பிட்டு, கொடுத்துவிட்டு, கமிஷனிடம் வாங்கிக்கொள்வார்கள். விரிசலைப் பார்க்க இரண்டு கோஷ்டி வராது. அரசே கான்ட்ராக்டரை அனுப்பும் பழைய முறையும் இப்போது இல்லை. பெரும்பாலும் பணமாகவே வரும்.

பணமாக வந்தால் அதை வீட்டுக்கே செலவழியுங்கள், பில்லையும் படத்தையும் பத்திரமாக வையுங்கள். முந்தைய சேதத்தைச் சரிசெய்யாமல் விட்ட வீட்டுக்கு அடுத்த முறை கிளெய்ம் போட்டால், பழைய சேதத்துக்கு மறுபடி தரமாட்டார்கள். நடுக்கம் நின்றவுடனே படம் எடுங்கள். எந்தத் தேதியில் எந்த விரிசல் என்பது தெரியும்படி. கிறைஸ்ட்சர்ச்சில் அப்படிப் படம் வைத்திருந்தவர்களிடம் வாதாட முடியவில்லை.

தகராறு வந்தால் உடனே வக்கீலிடம் ஓட வேண்டியதில்லை. நியூசிலாந்து கிளெய்ம்ஸ் ரெசல்யூஷன் சர்வீஸ் என்ற அரசுச் சேவை இலவசம். 2010-11 நடுக்கங்களுக்கென்றே 2019-ல் தனித் தீர்ப்பாயம் ஒன்றும் அமைத்தார்கள். புதிய சட்டத்தில் காப்பு பெறுபவரின் உரிமைகளுக்கு ஒரு விதித்தொகுப்பும் தனித் தகராறு தீர்க்கும் முறையும் இருக்கின்றன. தனியார் கம்பெனி மேல் புகார் என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்.

கிறைஸ்ட்சர்ச் இருக்கும் கேன்டர்பரி பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புதிதாக வாங்கியவர் பிறகு தரைக்கடியில் பார்த்தால் பழைய சேதம் அப்படியே இருக்கும். செலவோ வரம்பைத் தாண்டும். ஆனால் முன்னாள் உரிமையாளரின் தனியார் பாலிசி வாங்கியவருக்கு வராது. இப்படி மாட்டியவர்களுக்காக 2019-ல் அரசு கருணைத்தொகைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2020 அக்டோபரோடு விண்ணப்பம் மூடியாயிற்று. ஆகவே கையெழுத்துக்கு முன்பே கிளெய்ம் கோப்பு, வேலைப் பட்டியல், முடிந்ததற்கான சான்று மூன்றையும் கேளுங்கள். கட்டட ஆய்வாளரைத் தரைக்கடியில் தவழ்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முடியாத கிளெய்ம் இருந்தால் அதை விற்பவர் உங்கள் பேருக்கு எழுத்தில் மாற்றித் தர வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுக் கிளெய்மில் பங்கில்லை. ஆனால் வீடு குடியிருக்க முடியாதபடி ஆனால் வாடகை அதற்கேற்பக் குறையும்; 2 நாள் நோட்டீஸில் நீங்கள் வெளியேறலாம், வீட்டுக்காரர் சொல்வதானால் 7 நாள். சாமான்களுக்கு மட்டும் தனி பாலிசி எடுத்துவிடுங்கள்.