முகம்: கன உருவங்களின் பட்டை

கன உருவத்தை மூடியிருக்கும் தட்டையான பரப்பு ஒவ்வொன்றும் ஒரு முகம். இரண்டு முகங்கள் கூடும் கோடு விளிம்பு, விளிம்புகள் கூடும் புள்ளி முனை. கனசதுரத்துக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 முனை.

முகம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பக்கம்' என்று சொல்லிவிடுவது வகுப்பறைகளில் சகஜம். இதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சதுரத்துக்கு நான்கு பக்கம் என்று படித்த பிள்ளைக்குப் பக்கம் என்றால் கோடு. அதே பிள்ளையின் கையில் ஒரு குடியாத்தம் தீப்பெட்டியைக் கொடுத்து, இதற்கு எத்தனை பக்கம் என்று கேட்டால் அது எதை எண்ணும்? பன்னிரண்டு என்று சொன்னால் தப்பு என்று சொல்ல நமக்கு வாயில்லை. கேள்விதான் சரியில்லை.

கிரேக்கர்கள் இதற்கு வைத்த சொல் 'ஹெட்ரா'. இருக்கை, உட்காரும் இடம் என்று பொருள். பாலிஹெட்ரான், அதாவது பன்முகி, என்றால் பல இருக்கைகள் உள்ளது. ஆங்கிலத்தில் வழங்கும் ஃபேஸ், முகத்தோற்றத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இருக்கை என்ற அந்தப் பழைய பொருளை வகுப்பில் அப்படியே செய்து பார்க்கலாம். தீப்பெட்டியை எப்படியெல்லாம் உட்கார வைக்க முடியும்? படுக்க வைக்கலாம், ஒருக்களிக்க வைக்கலாம், நிறுத்தலாம். ஒவ்வொன்றையும் தலைகீழாகவும் செய்யலாம். ஆக ஆறு. எண்ணிய முகத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டியைத் திருப்பத் திருப்ப எண்ணியதையே பிள்ளைகள் மறுபடி எண்ணுவார்கள்.

தமிழில் முகம் என்பது நம்மை எதிர்கொள்ளும் பகுதி. முகப்பு, துறைமுகம் எல்லாம் அந்தப் பொருளில் வந்தவைதான். இதை வடசொல் என்பாரும் உண்டு, தமிழ்ச்சொல் என்பாரும் உண்டு. இளமையில் ஆம்பூரில் படித்த தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் இரண்டாவது கட்சி. எப்படியானாலும் கணிதத்தில் இந்தச் சொல் நன்றாக வேர்பிடித்துவிட்டது. நான்முகி, எண்முகி, பன்முகி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வள்ளிமலை, இரத்தினகிரி முருகன் கோயில்களுக்குப் போய்வந்த பிள்ளைக்கு ஆறுமுகம் என்ற பெயரும் புதிதல்ல.

நம் கைவினைஞர்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது: பட்டை. வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோம் அல்லவா, அதே பட்டைதான். பழைய வட ஆற்காட்டில் இருந்து இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் மகேந்திரவாடிக்குப் போனால், முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த கோயிலின் தூண்களில் இதைப் பார்க்கலாம். அடியும் தலையும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. கை வைத்துத் தடவினால், ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விளிம்பு விரலில் தட்டுப்படும். புத்தகச் சொல்லாக முகம் இருக்கட்டும். ஆனால் முதல் நாள் பட்டையில் தொடங்கினால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் விளிம்பும் முனையும். ஒரே அளவாக ஒடித்த 12 துடைப்பக்குச்சி, 8 களிமண் உருண்டை போதும். கீழே நான்கு குச்சி, மேலே நான்கு, நடுவில் நிற்பவை நான்கு. உருண்டை இருக்கும் இடமெல்லாம் முனை, குச்சியெல்லாம் விளிம்பு. ஆனால் இந்தக் கூட்டில் முகம் வெறும் காற்றாகிவிடும். அதனால் தீப்பெட்டியையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். பிள்ளை ஒன்றைப் பார்த்து மற்றதைச் சரிபார்க்கும்.

உருளைக்கு எத்தனை முகம் என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். சிறு வகுப்புக்கு 'தட்டையான முகம் 2, வளைபரப்பு 1' என்று பிரித்துச் சொல்வதே நல்லது. கூம்புக்குத் தட்டையான முகம் ஒன்று, வளைபரப்பு ஒன்று, மேலே ஓர் உச்சி. கோளத்துக்கு வளைபரப்பு மட்டும்தான். தட்டையான முகமும் இல்லை, விளிம்பும் இல்லை, முனையும் இல்லை.