சகோதரத்துவமா, கேண்மையா? ‘ஃபிரடெர்னிட்டி’ என்ற சொல்லைப் பற்றி

இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் நீதி, சுதந்திரம், சமத்துவம் மூன்றுக்கும் அடுத்து நான்காவதாக வரும் சொல் ‘ஃபிரடெர்னிட்டி’. தமிழில் பெரும்பாலும் ‘சகோதரத்துவம்’ என்று எழுதுகிறோம். நான்கில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். சமத்துவம் மீறப்பட்டால் 14-ஆவது பிரிவைக் காட்டி நீதிமன்றம் போகலாம். பேச்சுரிமை பறிபோனால் 19-ஆவது பிரிவு இருக்கிறது. சகோதரத்துவத்துக்கு அப்படியொரு பிரிவு கிடையாது. 1976-இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில் ஒரு வரி உண்டு. ஆனால் அந்தக் கடமையைச் செய்யவில்லை என்று யார் மீதும் வழக்குப் போட முடியாது. சட்டத்தின் கை எட்டாத இடத்தில் இருக்கிற சொல் இது. அதனாலேயே இதன் பொருளை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மும்பைத் தமிழர்களுக்கு இந்தச் சொல் மராத்தியில் நல்ல பழக்கம். அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அவருடைய நினைவிடமான தாதர் சைத்யபூமிக்குப் போகும் வழியிலும், அவர் பிறந்த நாளான ஏப்ரல் 14 வந்தால் தாராவியிலும் ‘ஸ்வாதந்த்ர்ய, சமதா, பந்துதா’ என்ற மூன்று சொற்கள் கண்ணில் படும். அந்தப் ‘பந்து’ நமக்கும் தெரிந்தவர்தான். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் ‘இஷ்டமித்ர பந்துக்களுடன்’ வரும்படி கேட்போமே, அதே பந்து. கட்டுதல் என்ற வேரிலிருந்து வந்த சொல். பந்தம், பந்தனம் எல்லாம் அதே குடும்பம். மராத்தியில் பந்து என்றால் அண்ணன் தம்பி என்றும் பொருள் உண்டு. ஆனால் வேரில் பிறப்பு இல்லை, பிணைப்புதான் இருக்கிறது.

நம்முடைய சொல்லின் வேரில் பிறப்பு இருக்கிறது. ‘சஹ’ என்றால் உடன், ‘உதரம்’ என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவன் சகோதரன். வடமொழி வேண்டாம் என்று ‘உடன்பிறப்பு’க்கு மாறினாலும் வந்து சேரும் இடம் அதேதான். பாரதி இதை வெளிப்படையாகவே பாடினார்: ‘ஓர் தாயின் வயிற்றில் பிறந்தோர் தம்முள் சண்டை செய்தாலும் சகோதரர் அன்றோ’. அதற்கு முந்தைய அடியில் ‘ஆயிரம் உண்டிங்கு ஜாதி, எனில் அன்னியர் வந்து புகல் என்ன நீதி’ என்று கேட்கிறார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆனாலும் சொல்லின் குணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. வயிறு ஒன்று என்று சொன்ன மறுகணம், அந்த வயிற்றில் பிறக்காத அன்னியர் ஒருவர் வாசலில் நிற்கிறார்.

ஐரோப்பாவிலும் இதே சிக்கல்தான். லத்தீனில் ‘ஃபிராத்தெர்’ என்றால் சகோதரன். மடத்துத் துறவிகளும் கைத்தொழில் சங்கத்தாரும் தங்களுக்குள் அப்படி அழைத்துக்கொண்டார்கள். 1790 டிசம்பரில், தேசியக் காவல் படை பற்றிய ஓர் உரையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற சொற்களைப் படையினரின் சீருடையிலும் கொடியிலும் பொறிக்க வேண்டும் என்று பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர் கேட்டார். 1793-இல் பாரிஸ் சுவர்களில் அவற்றோடு ‘அல்லது மரணம்’ என்பதும் சேர்ந்துகொண்டது. யார் சகோதரர், யார் துரோகி என்று பிரிக்கும் கத்தியாக அந்தச் சொல் மாறியிருந்தது. 1848-இல் பிரான்சின் இரண்டாம் குடியரசு மூன்றையும் அதிகாரபூர்வ முழக்கமாக ஏற்றது. அதே நாட்டில், 2018 ஜூலை 6 அன்று வந்த தீர்ப்பு இந்தச் சொல்லுக்கு வேறொரு வழியைத் திறந்தது. இத்தாலி எல்லையருகே, உரிய ஆவணங்கள் இல்லாமல் வந்த குடியேறிகளுக்கு உதவிய ஒரு விவசாயி மீது தொடுத்த வழக்கு அது. சகோதரத்துவத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு, மனிதாபிமானத்தோடு பிறருக்கு உதவும் உரிமை அதிலிருந்து வருகிறது, உதவி பெறுபவர் சட்டப்படி தங்கியிருக்கிறாரா என்பது அங்கே பொருட்டல்ல என்று அரசியலமைப்பு மன்றம் சொன்னது. பொது ஒழுங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற வரம்பையும் வைத்தது. அப்படியானாலும், அன்னியரைச் சகோதரத்துவத்துக்குள் கொண்டுவந்த தீர்ப்பு அது.

சரி, நம் முகப்புரைக்குள் இது எப்படி நுழைந்தது? 1946 டிசம்பரில் நேரு முன்வைத்த குறிக்கோள் தீர்மானத்தில் இந்தச் சொல் இல்லை. வரைவுக் குழுதான் சேர்த்தது. 1948 பிப்ரவரி 21 அன்று அரசியல் நிர்ணய சபையின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் அதைக் குறிப்பிட்டே சொல்கிறார்: இணக்கமும் நல்லெண்ணமும் இந்தியாவுக்கு இப்போது தேவைப்படுவதைப்போல் எப்போதும் தேவைப்பட்டதில்லை என்று குழு கருதியது. தேதியைக் கவனியுங்கள். பிரிவினையின் ரத்தம் காயவில்லை. காந்தி கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் அம்பேத்கருக்கு இது அந்த மாதத்தில் தோன்றிய எண்ணம் அல்ல. லாகூரில் ஒரு மாநாட்டுக்காக எழுதி, அமைப்பாளர்கள் பின்வாங்கியதால் பேச முடியாமல் போய், 1936-இல் தானே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் இதை விளக்கியிருக்கிறார். அங்கே அவர் எடுக்கும் உருவகம் குடும்பத்திலிருந்து வரவில்லை, உயிரியலிலிருந்து வருகிறது. நாம் பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்த, மெல்லிய சவ்வின் வழியே நீர் ஊடுருவிப் பரவும் அதே விஷயம். ஒரு நல்ல சமூகத்தில், ஓரிடத்தில் நடக்கும் மாற்றம் தடையில்லாமல் மற்ற இடங்களுக்கும் பரவ வேண்டும். பலருடைய நலன்கள் அறிந்தே பகிரப்பட வேண்டும். இதுதான் சகோதரத்துவம், ஜனநாயகத்தின் இன்னொரு பெயர் என்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜான் டூயியின் சிந்தனை இதில் தெளிவாகத் தெரிகிறது. ஜனநாயகம் என்பது ஆட்சி முறை மட்டும் அல்ல, சேர்ந்து வாழும் முறை என்று டூயி சொன்னதை அம்பேத்கர் சாதியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். சாதி என்பது எதையும் ஊடுருவ விடாத சவ்வு. மேலிருந்து கீழே துயரம் மட்டும் இறங்கும். கீழிருந்து மேலே எதுவும் ஏறாது.

1949 நவம்பர் 25 அன்று சபையில் பேசியபோது, சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் பெயிண்ட் பூச்சளவுக்கு மேல் ஆழம் போகாது என்றார். அவற்றைக் காப்பாற்ற ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். 1954-இல் வானொலி உரை ஒன்றில், இந்த மூன்று சொற்களையும் நான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, என் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்தேன் என்றார். பௌத்தத்தில் இதற்குப் பெயர் மைத்ரி. ‘மித்ர’ என்ற சொல்லின் வழி வந்தது, பொருள் நட்பு. கல்யாணப் பத்திரிகையின் ‘இஷ்டமித்ர பந்து’வில் பந்துவைப் பார்த்தோம், மித்ரனும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மும்பை மாதிரி முறை சொல்லிக் கூப்பிடும் நகரம் குறைவு. பாய், பாவு, தாதா, தாயி. தெற்கிலிருந்து வந்தவர் யாராக இருந்தாலும் அண்ணா. லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவது ஆள் வந்து நின்றால், ‘தோடா சர்க்கோ’ (கொஞ்சம் தள்ளுங்கள்) என்ற இரண்டு சொல்லில் இடம் கிடைத்துவிடும். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. அதே ஆள் வாடகைக்கு வீடு தேடிப் போனால் நிலைமை வேறு. ஹவுஸிங் சொசைட்டியின் முதல் கேள்வி என்ன சாப்பிடுவீர்கள். இரண்டாவது கேள்வி என்ன சமூகம். ரயிலில் இடம் கொடுத்த அதே மக்கள்தான் சொசைட்டி கமிட்டியிலும் இருக்கிறார்கள். மாட்டுங்காவும் தாராவியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இரண்டிலும் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறோம். நமக்குள்ளேயே அந்தச் சவ்வு எவ்வளவு தடிமன் என்பது இரண்டு பக்கத்திலும் உறவு உள்ளவர்களுக்குத் தெரியும்.

2005-இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினராக இடம் தரும் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் விதி செல்லும் என்று சொன்னது. சங்கம் அமைக்கும் உரிமை குடிமக்களின் சுதந்திரம் என்பது வாதம். சட்டமாகப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் சுதந்திரத்தின் பெயரால் ஒரு நகரம் முழுக்க தனித்தனி அறைகளாகிவிட்டால் முகப்புரையின் நான்காவது சொல்லுக்கு எங்கே இடம்? எனக்கு இது நம் நாகரிகத்தின் எதிர்காலம் பற்றிய கேள்வியாகவே படுகிறது. வேலிக்குள் குடியிருப்பு, அதற்குள்ளேயே கடை, தன் ஆட்களின் கருத்தையே திரும்பத் திரும்பக் காட்டும் ஃபோன் என்று வாழப் பழகிவிட்டால், முன்பின் தெரியாதவரின் துயரம் நம்மை எட்டும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். தேர்தல் நடக்கும், நீதிமன்றம் நடக்கும். பரவல் நடக்காது.

அப்படியானால் இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? தோழமை நல்ல சொல்தான். ஆனால் இடதுசாரி இயக்கங்களின் ‘தோழர்’ அதில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. உடன்பிறப்பு என்றால், முரசொலியில் கலைஞர் எழுதிய கடிதங்களால், கட்சித் தொண்டரின் முகம் வந்துவிடுகிறது. ஒப்புரவு என்று சிலர் எழுதலாம். குறளில் அது ஊருக்கு உதவி வாழ்வது, கிறிஸ்தவத் தமிழில் பாவமன்னிப்பு பெற்று இணக்கமாவது. இரண்டும் அருமையான பொருள்தான், ஆனால் வேறு பொருள்.

நான் முன்வைப்பது கேண்மை. ‘கேள்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு உறவு, நட்பு என்ற இரண்டு பொருளும் சங்க காலத்திலிருந்தே உண்டு. குறுந்தொகையின் 40-ஆவது பாட்டில் ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்று காதலன் கேட்கும்போது அது பிறப்பால் வரும் உறவு. குறளில் ‘நீரவர் கேண்மை’ என்றால் நட்பு. புறநானூற்றின் 192-ஆவது பாட்டில் கணியன் பூங்குன்றனார் ‘யாவரும் கேளிர்’ என்றபோது சொல் அதன் முழு அகலத்துக்கு விரிந்துவிட்டது. ஆண், பெண் என்ற வேறுபாடும் அதில் இல்லை. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. 1948-இன் மனித உரிமைப் பிரகடனத்தில் முதல் பிரிவு ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்ததை, ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தவர், பம்பாய்ச் சட்டமன்றத்தில் இருந்த ஹன்சா மேத்தா. அப்படியும் அதே பிரிவின் கடைசியில் ‘சகோதர உணர்வு’ ஆங்கிலத்தில் ஆண்பால் சொல்லாகவே நின்றுவிட்டது.

கேளிர் பாட்டைப் பலரும் முதல் அடியோடு நிறுத்திவிடுகிறோம். அது முடிகிற இடம் ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’. நம் முகப்புரையும் ஃபிரடெர்னிட்டியைச் சொன்ன கையோடு தனிமனிதரின் மாண்பைச் சொல்கிறது, தேசத்தின் ஒற்றுமை அதற்குப் பிறகுதான் வருகிறது. யாரையும் இகழாத உறவு என்ற பொருளில் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: நட்பு என்றால் நாம் தேர்ந்தெடுப்பது அல்லவா, குறளே ‘நட்பாராய்தல்’ என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறதே, சக குடிமக்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? நியாயமான கேள்வி. பூங்குன்றனாரின் ‘யாவரும்’தான் பதில். தேர்வு இல்லாத கேண்மை அது. வேறுபடுத்திக் காட்ட வேண்டிய இடத்தில் பொதுக்கேண்மை என்று எழுதலாம்.

இனி எழுதும்போது: பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தைச் சொல்லும் இடத்தில் சகோதரத்துவமே இருக்கட்டும், அவர்கள் சொன்னது அதுதான். முகப்புரையையும் அம்பேத்கரையும் விளக்கும்போது கேண்மை என்று எழுதி, முதல் முறை மட்டும் பக்கத்தில் சகோதரத்துவம் என்று குறித்துவிடலாம். ‘மெடிக்கல் ஃபிரடெர்னிட்டி’ என்று செய்திகளில் வருவது வேறு. அதற்கு மருத்துவச் சமூகம் போதும். அமெரிக்கக் கல்லூரிகளின் ‘ஃபிரடெர்னிட்டி’க்கு மாணவர் சங்கம் என்று போட்டால் குழப்பம் வரும், ஆண் மாணவர் விடுதிச் சங்கம் என்று எழுதுவது தெளிவு.