மாலை மணி அடித்த பிறகு அங்கே யார் இருக்கிறார்கள்?

பதின்ம வயது மகளை விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் நிறையத் தகவல் இருக்கும். தேர்ச்சி விகிதம், ஆய்வகம், நீச்சல் குளம், வளாகத்தின் பரப்பு எல்லாம் விசாரித்திருப்பார்கள். வளரிளம் பருவத்தினருக்கான மனநல ஆலோசகராக நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: மாலையில் வகுப்பு முடிந்ததிலிருந்து மறுநாள் காலை வரை உங்கள் மகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார்? அவரை நேரில் பார்த்துப் பேசினீர்களா? பெரும்பாலும் பதில் வராது. விடுதியில் அவதிப்பட்ட பெண்கள் என்னிடம் சொன்னவற்றில் பெரும்பகுதி அந்த நேரத்தில், வகுப்பறைக்கு வெளியே நடந்தவை.

அதற்கும் முன்னால், ஏன் அனுப்புகிறீர்கள் என்பதை உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அடிக்கடி வேலை மாற்றம், அருகில் நல்ல பள்ளி இல்லை, அவளுக்கே அங்கே போய் விளையாட்டிலோ இசையிலோ பயிற்சி பெற ஆசை என்றால் சரி. ஆனால் போனை விட மாட்டேன் என்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், ஒரு பையனோடு பழகுகிறாள், அதனால் 'அங்கே போனால் திருந்துவாள்' என்று நினைத்தால், தயவுசெய்து இப்போது அனுப்பாதீர்கள். வீட்டில் பேசித் தீர்க்காத சிக்கல் பெட்டியோடு சேர்ந்துதான் போகும். கூடவே, என்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும். ஒதுக்கப்பட்டதாக நினைக்கும் பெண், அங்கே ஏதாவது தப்பு நடந்தால் வீட்டுக்குச் சொல்ல மாட்டாள். எனக்கு இருக்கும் பெரிய பயம் அதுதான்.

முடிவெடுக்கும்போது அவளும் உடன் இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்ல ஒரு குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமை ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறையிலும் இதில் பலன் உண்டு. வீட்டு ஏக்கம் பற்றி ஆராய்ந்த கிறிஸ்டோபர் தர்பரும் எட்வர்ட் வால்ட்டனும் 2007-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, முடிவில் பங்கு இருந்த பிள்ளைகள் ஏக்கத்தை எளிதாகத் தாண்டுவதைச் சுட்டிக்காட்டுகிறது. போவதற்கு முன்பே உறவினர் வீட்டில் சில நாள் பெற்றோர் இல்லாமல் தங்கிப் பழகுவதும் உதவும். 'பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்' என்று வாக்குக் கொடுப்பது நேர்மாறாக வேலை செய்யும். உன்னால் முடியாது என்று நாமே சொல்லி அனுப்புவதாக அவளுக்குப் படும்.

'பெண்கள் மட்டும் படிக்கும் இடம், பாதுகாப்பாக இருக்கும், படிப்பும் நன்றாக வரும்' என்று பலர் சொல்கிறார்கள். படிப்பைப் பொறுத்தவரை, 21 நாடுகளைச் சேர்ந்த சுமார் 16 லட்சம் மாணவர்களின் தரவை 2014-இல் தொகுத்துப் பார்த்தார்கள். கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், தனிப்பாலினப் பள்ளியால் கிடைக்கும் கூடுதல் நன்மை மிகச் சொற்பம். பாதுகாப்புக்கும் பெயர்ப் பலகை உத்தரவாதம் இல்லை. சமையல், வாகனம், பராமரிப்பு, விளையாட்டுப் பயிற்சி என்று வெளியாட்கள் வந்துபோவார்கள். பெண் ஊழியரோ மூத்த மாணவியோகூடத் துன்புறுத்தலாம். வேலைக்குச் சேர்க்கும் முன் ஒவ்வொருவரின் பின்னணியையும் எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் பள்ளி எனக்கு வேண்டாம்.

பள்ளியைப் பார்க்க விழா நாளில் போகாதீர்கள், சாதாரண வேலைநாளில் போங்கள். முதல்வர் அறையில் உட்கார்வதற்கு முன் தாய் கழிப்பறையைப் பார்த்துவிட வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? இரவில் படுக்கையிலிருந்து அங்கே வரும் வழியில் விளக்கு எரியுமா? கழிப்பறைக்குப் போகப் பிடிக்காத பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீரை அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்று வர அதுவே ஒரு காரணமாகிவிடும். நள்ளிரவில் மாதவிடாய் தொடங்கினால் நாப்கின் எங்கே கிடைக்கும் என்று அங்கே இருக்கும் ஒரு மாணவியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 'அந்த அலமாரியில் இருக்கும், எடுத்துக்கலாம்' என்று வந்தால் நல்லது. 'வார்டன் அறைக் கதவைத் தட்டணும், ஆனா திட்டுவாங்க' என்று வந்தால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது.

அப்புறம் வார்டன். அவரோடு அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை வருடமாக இருக்கிறார், இரவில் எங்கே தூங்குகிறார், அவர் விடுப்பில் போனால் யார் வருவார், ஒருவர் பொறுப்பில் எத்தனை பெண்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருந்தால் அங்கே எந்தப் பெண்ணையும் யாருக்கும் தெரியாது. நல்ல வார்டன் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஒவ்வொருத்தியின் குணமும் பேச்சில் வரும். விதிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறவரிடம் எனக்குத் தயக்கம் உண்டு. சாப்பாட்டு மேசையில் யார் தொடர்ந்து தட்டை ஒதுக்குகிறாள் என்று கவனிப்பது யார் வேலை என்றும் விசாரியுங்கள். உணவுக் கோளாறுகள் பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டுகின்றன. ஒரே அறையில் இருக்கும் தோழிகளிடையே பட்டினி கிடப்பது பழக்கமாகப் பரவவும் கூடும்.

கால அட்டவணையை வாங்கி வந்து கூட்டிக் கழித்துப் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வளர்ச்சியின்போது உடல் கடிகாரமும் தள்ளிப்போவதால் சீக்கிரம் படுத்தாலும் சீக்கிரம் தூக்கம் வராது. இரவு பத்தரைக்கு விளக்கணைத்து, காலை நாலரைக்கு எழுப்பினால் ஆறு மணி நேரம்தான். இதை ஒழுக்கம் என்று விளம்பரப்படுத்தும் பள்ளிகள் உண்டு. மாதக்கணக்கில் தூக்கம் குறைந்தால் எரிச்சலும் மனச்சோர்வும் வரும், படித்ததும் மனதில் தங்காது.

இனி, மிக முக்கியமானது: அவள் உங்களோடு தனியாகப் பேச முடியுமா? அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவி வாரம் ஒருமுறை போனில் 'நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன், படிக்கிறேன்' என்று ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் நிம்மதி. விடுமுறைக்கு வந்தவள் தூக்கத்தில் அலறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அறைத் தோழிகள் சேர்ந்துகொண்டு அவளோடு யாரும் பேசக்கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். அவள் உட்கார்ந்தால் மேசையே காலியாகும். போன் இருந்தது அலுவலகத்தில், பக்கத்தில் உதவி வார்டன், பின்னால் வரிசையில் அதே பெண்கள். அங்கே நின்றுகொண்டு அவள் வேறென்ன சொல்ல முடியும்?

பெண்களிடையே நடக்கும் கொடுமை பல நேரம் இப்படித்தான் இருக்கும். காயமோ கிழிந்த சட்டையோ இருக்காது. அதனால் தனியாகப் பேச இடம் உண்டா, கடிதம் பிரிக்கப்படுமா, பள்ளி நிர்வாகத்துக்கு வெளியே புகார் சொல்ல ஓர் ஆளோ எண்ணோ சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'பழகும் வரை முதல் சில வாரம் வீட்டோடு பேச்சே கூடாது' என்ற விதியை நான் ஏற்க மாட்டேன். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், யாரும் கேட்காத இடத்தில் ஒரு போன் போதும். வார்டன் பக்கத்தில் இருந்தாலும் உங்களுக்கு மட்டும் புரியும்படி, 'உடனே வா' என்று பொருள்படும் ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கம் வந்தால் கூட்டிவருவதாக வாக்குக் கொடுப்பது வேறு, ஆபத்தில் உதவிக்கு வழி வைப்பது வேறு. அவளுக்கும் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவையுங்கள்.

முதல் சில நாள் அழுகை இயல்பு. வகுப்பு, விளையாட்டு, தோழிகள் என்று நாள் நிறையத் தொடங்கினால் பெரும்பாலானோருக்கு அது தணிந்துவிடும். வாரங்கள் போகப் போக அழுகை கூடினாலோ, உணவும் தூக்கமும் குறைந்தாலோ, சாக விரும்புவதாகப் பேசினாலோ காத்திருக்காமல் நேரில் போங்கள். முதல் விடுமுறையில் மதிப்பெண்ணைக் கடைசியாகக் கேளுங்கள். எடை குறைந்திருக்கிறதா, சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா, மாதவிடாய் எப்போது வந்தது என்று பாருங்கள். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் சுழற்சி 21 முதல் 45 நாள் வரை மாறி வருவது சகஜம். 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விடுமுறை முடிந்து, திரும்பப் போக மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தால், கட்டிய கட்டணத்தை நினைத்து அன்றே வண்டி ஏற்றிவிடாதீர்கள். இரண்டு நாள் கூடுதலாக வீட்டில் வைத்துக்கொண்டு, அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.