உண்ணிக் காய்ச்சல்: ஒருத்தருக்கு மாத்திரையோட போகுது, இன்னொருத்தருக்கு ஏன் ஐசியூ வரைக்கும்?

மழை ஆரம்பிச்சா எங்க வார்டுல டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் மூணும் கலந்துகட்டி வரும். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கம் பிராக்டிஸ் பண்றவங்க யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்வாங்க, பொங்கல் தாண்டியும் ஓடும். இந்த ஸ்க்ரப் டைபஸத்தான் பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடுறாங்க, அதப் படிச்சுட்டு மாட்டு உண்ணிய டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்து காட்டுனவரு ஒருத்தர் இருக்காரு. அது இல்லீங்க. இது கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு பூச்சியோட குஞ்சு, புல்லு புதர்ல கிடக்கும், கடிச்சா வலிக்காது, கடிச்சு பத்து நாள் போல கழிச்சுதான் காய்ச்சலே வரும். டைபாய்டும் இல்ல, பேருதான் கிட்ட இருக்கு.

ஒரே தெருவுல ரெண்டு பேருக்கு வருது, ஒருத்தர் மூணு நாள்ல எழுந்து நடக்கறாரு, இன்னொருத்தர் வெண்டிலேட்டர்ல, ஏன் டாக்டர்னு கேப்பாங்க. வயசு, சுகர், குடி எல்லாம் காரணம்தான். ஆனா நான் முதல்ல கேக்கறது காய்ச்சல் எத்தனாவது நாள்ங்கறதத்தான்.

அம்பது தாண்டின ஒரு அம்மா, விறகு பொறுக்கப் போறவங்க, ரொம்ப வருஷமா சுகர். மெடிக்கல்ல கேட்டு மாத்திரை, அப்புறம் ரெண்டு ஊசி, அப்புறம் வைடால் டெஸ்ட் பாசிட்டிவ்னு டைபாய்டு மருந்து, இப்படியே எட்டு நாள் போச்சு, ஒன்பதாவது நாள் மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாங்க. நானும் நிமோனியான்னு நினைச்சு அதுக்கான மருந்தத்தான் முதல்ல போட்டேன். மறுநாள் காலையில உடம்பு துடைக்கும்போது நர்ஸ் சிஸ்டர்தான் மார்புக்கு அடியில ஒரு புண் இருக்குன்னு கூப்பிட்டுக் காட்டுனாங்க. அந்தப் பூச்சி கடிச்ச இடம்தான் அது. தூக்கிப் பாக்காதது என் தப்பு, ஒரு நாள் வீணாப்போச்சு. பொழைச்சுட்டாங்க, ஆனா ஆறு நாள் வெண்டிலேட்டர், மூணு தடவ டயாலிசிஸ்.

இந்தக் கிருமி சின்ன ரத்தக் குழாயோட உள்சுவர்ல இருக்கற செல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும். குழாய் எல்லா உறுப்புலயும் இருக்கா, அதனால கசிவு நுரையீரல்ல வந்தா மூச்சுத் திணறல், கிட்னி, மூளை, ஈரல்னு ஒவ்வொண்ணா இழுத்துட்டுப் போகும், பெரும்பாலும் ரெண்டாவது வாரத்துலதான். பென்சிலின் வகையோ, நாம சாதாரணமா போடுற செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ இதத் தொடாது. டாக்சிசைக்ளின், இல்லன்னா அசித்ரோமைசின், இந்த ரெண்டுக்குத்தான் கேக்கும், விலையும் கம்மி, சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும். அப்படி இறங்கலன்னா நோயே வேறயான்னு நாங்க திரும்ப யோசிப்போம்.

இன்னொரு கேஸ், கரும்பு வெட்டற பையன், நாலாவது நாள் வந்தான். அரைஞாண் கயிறுக்குக் கீழ சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு, அவன் கயிறு உரசின புண்ணுனு நினைச்சுட்டு இருந்தான். துணி இறுக்கற இடம், மடிப்பு இருக்கற இடம்தான் அந்தப் பூச்சிக்குப் பிடிக்கும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில, காதுக்குப் பின்னாடி. வலிக்காது, அரிக்கவும் அரிக்காது, அதனால பேஷண்டுக்கே தெரியாது, தெரிஞ்சாலும் பொம்பளைங்க ஆம்பள டாக்டர்ட்ட சொல்லக் கூச்சப்படுவாங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க, நர்ஸ்கிட்டயாவது. ஈரமான இடத்துல கறுப்பு இல்லாம வெறும் புண்ணாவும் இருக்கும், எல்லாருக்கும் பொருக்கு இருக்கணும்னும் இல்ல, இல்லன்னா நோய் இல்லன்னு அர்த்தமும் இல்ல.

மத்த காரணத்துல வயசானவங்களும் சுகர் இருக்கறவங்களும் கிட்னி ஏற்கனவே வீக்கா இருக்கறவங்களும் சீக்கிரம் சரிவாங்க, தினமும் குடிக்கறவங்களுக்கு ஈரல் முதல்ல மாட்டும். கர்ப்பிணிங்களுக்குக் கரு கலையற ஆபத்தே இருக்கு, அவங்களுக்கு அசித்ரோமைசின்தான். ஒண்ணுமே இல்லாத இருபது வயசுப் பையனும் சில சமயம் மோசமாப் போவான், கிருமியில பல ரகம் இருக்கு, ரத்தத்துல எவ்வளவு ஏறிருக்குங்கறதும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு தடவ வந்தா திரும்ப வராதுன்னும் நம்பாதீங்க.

பிளேட்லெட் குறைஞ்சா உடனே டெங்குன்னு முடிவு பண்ணிடறாங்க, இதுலயும் குறையும். டெங்குல வெள்ளை அணு பெரும்பாலும் கீழ போகும், இதுல நார்மலா இருக்கும், இல்லன்னா ஏறியிருக்கும், ஈரல் டெஸ்ட்ல வர்ற எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடி கூடியிருக்கும். கிட்னியக் காட்டற கிரியேட்டினின், ஈரலக் காட்டற பிலிரூபின் ஏறுது, ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதம் இறங்குதுன்னா நாங்க பெட்ட மாத்தி ஐசியூ பக்கம் கொண்டு போயிடுவோம். இந்த நோயக் கண்டுபிடிக்கற ஐஜிஎம் எலைசாங்கற ரத்த டெஸ்ட் முதல் அஞ்சு நாள்ல நெகட்டிவா வரலாம், அத நம்பி மருந்த நிறுத்தி வைக்கக் கூடாது.

சீரியஸா வந்தவங்களுக்கு என்ன பண்றதுன்னு வேலூர் சிஎம்சி தலைமையில 7 ஆஸ்பத்திரி சேர்ந்து கிட்டத்தட்ட 800 பேர்கிட்ட ஒரு ஆய்வு நடத்தி 2023ல வெளியிட்டாங்க, டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ரெண்டையும் நரம்பு வழியா சேர்த்துக் குடுத்தா ஒண்ண மட்டும் குடுக்கறத விட சிக்கல் நீடிக்கறது குறையுது. ஆனா இறப்பு எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் வரல. லேட்டா வந்தா எங்ககிட்ட இருக்கற நல்ல மருந்துக்கும் ஒரு அளவு இருக்குன்னு நான் அத எடுத்துக்கறேன்.

அதுக்காக கடையில போய் நீங்களே டாக்சிசைக்ளின் வாங்கிப் போடாதீங்க. மூணு நாள் காய்ச்சல் விடலன்னா டாக்டரப் பாருங்க, வயல், புதர், விறகுன்னு போயிட்டு வந்தத அவர் கேக்காட்டியும் நீங்க சொல்லுங்க. புல்லுல உக்காந்து வந்தா குளிச்சு, அந்தத் துணியத் துவைக்கப் போடுங்க. வீட்ல ஒருத்தருக்கு வந்தா தொத்திக்கும்னு தனித் தட்டு வைக்கத் தேவையில்ல, ஆளுக்கு ஆள் பரவாது.

அந்த விறகு அம்மாவோட மருமக போன சீசன்ல காய்ச்சலோட வந்துச்சு. மூணாவது நாள். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே போன எடுத்து இடுப்புல இருந்த பொருக்கோட போட்டோவக் காட்டிச்சு, வீட்ல மாமியார்தான் தேடிப் பாத்து எடுத்தாங்களாம்.