தெருவுக்குள் 30: குடியிருப்புப் பகுதிகளில் வேகத்தைக் குறைக்க விதிகள் சொல்வதும் நாம் கேட்க வேண்டியதும்

சென்னையில் குடியிருப்புப் பகுதித் தெருக்களில் எந்த வாகனமும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது. 2023 நவம்பர் 4 அன்று பெருநகர சென்னை போக்குவரத்துக் காவல்துறை நடைமுறைக்குக் கொண்டுவந்த வேக வரம்புகளில் இதுவும் ஒன்று. கார் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40 என்று நகரச் சாலைகளுக்கு வகுத்த அதே அறிவிப்பில்தான், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று சொல்லப்பட்டது. முதலில் சொன்ன எண்களைப் பலர் அறிந்திருக்கிறார்கள். கடைசி எண்ணைத் தங்கள் தெருவுக்கான விதியாக எடுத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. வேகத்தைப் பற்றி மனுக் கொடுக்க வருகிறவர்களே "எங்கள் தெருவுக்கு ஒரு வரம்பு வையுங்கள்" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தக் கேட்பதே சரியான கோரிக்கை.

30 என்பது ஏன் என்று ஒரு சிறு கணக்கில் புரிந்துகொள்ளலாம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடிவிடும். பிறகு உலர்ந்த தார்ச்சாலையில் நிற்பதற்கு மேலும் 5 மீட்டர் வேண்டும். ஆக, சுமார் 13 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் முதல் விநாடியிலேயே 14 மீட்டர் போய்விடும். முழுதாக நிற்க 28 மீட்டர் ஆகும். இருபது அடித் தெருவில், நிறுத்தி வைத்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து, 15 மீட்டர் முன்னால், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ஓடிவந்தால், 30-இல் வருகிறவர் குழந்தைக்கு முன்பே நின்றுவிடுவார். 50-இல் வருகிறவர் ஏறத்தாழ அதே வேகத்தில் மோதுவார். இதற்கு ஈடாக அவர் மிச்சப்படுத்தும் நேரம் எவ்வளவு? 300 மீட்டர் நீளமுள்ள தெருவை 30-இல் கடக்க 36 விநாடி, 50-இல் கடக்க 22 விநாடி. பதினான்கு விநாடிதான்.

சட்டத்தின் அடிப்படை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ ஒரு சாலையின் தன்மையைக் கருதியோ, குறிப்பிட்ட பகுதியில் வேக வரம்பு விதிக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அலுவலருக்கும் வழிசெய்கிறது. வரம்பைத் தெரிவிக்கும் பலகைகளை நடுவது 116-ஆவது பிரிவின்கீழ் வரும். 115-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: ஒரு தெருவில் குறிப்பிட்ட வகை வாகனங்களை முழுவதுமாகவோ குறிப்பிட்ட நேரத்திலோ தடுக்கும் அதிகாரம் அதில் உள்ளது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளால் ஆற்காடு சாலை போன்ற பெருஞ்சாலைகள் குறுகியபோது, நெரிசலைத் தவிர்க்க நினைத்த வண்டிகள் பக்கத்துக் குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்ததைக் கோடம்பாக்கம், விருகம்பாக்கம் பகுதியினர் நன்றாக அறிவார்கள். இப்படிக் குறுக்குவழியாக மாறிவிட்ட தெருவில் வசிப்பவர்கள் வேகத்தடையைவிட முதலில் கேட்க வேண்டியது, ஒருவழிப் பாதை அல்லது நேரக் கட்டுப்பாடு என்பது என் கருத்து. ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பும் தேவையில்லை என்று சட்டமே சொல்வதால், சோதனை முறையில் செய்துபார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

வரம்பை மீறுவோருக்கான தண்டனை 183-ஆவது பிரிவில் உள்ளது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் அதே குற்றம் செய்தால் ஓட்டுநர் உரிமமே பறிமுதலாகலாம். பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து விளையும் வகையில் ஓட்டினால் 184-ஆவது பிரிவு பாயும். அதில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

183-ஆவது பிரிவின் இரண்டு கூறுகள் போதிய கவனம் பெறவில்லை. வண்டி வேகமாக வந்தது என்று ஒரே ஒரு சாட்சி தன் மதிப்பீட்டில் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. அந்த மதிப்பீடு இயந்திரக் கருவியோ மின்னணுக் கருவியோ கொண்டு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான், "அவன் பறந்துகொண்டு போனான்" என்று நாம் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் காவல்துறையால் வேக மீறலுக்கு அபராதம் போட முடிவதில்லை. மற்றொன்று, இந்த நகரத்தில் இன்று மிகவும் தேவைப்படுவது: தன்னிடம் வேலை செய்பவரை வரம்பு மீறி ஓட்டச் செய்பவரும் குற்றவாளியே. வரம்பை மீறாமல் முடிக்க இயலாத நேரத்துக்குள் ஒரு பயணத்தை முடிக்கச் சொல்லி அட்டவணை வெளியிடுவதோ உத்தரவிடுவதோ அதற்கான முதல்நிலைச் சான்றாகக் கொள்ளப்படும். முதுகில் பெட்டியோடு தெருமுக்கில் சறுக்கித் திரும்பும் இளைஞரைத் திட்டுவதற்கு முன், அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர்களையும் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

சிறுவர்கள் வண்டி ஓட்டுவது தெருக்களுக்கே உரிய தனிப் பிரச்சினை. "தெருவுக்குள்தானே, கடைக்குப் போய்விட்டு வரட்டும்" என்று சாவியைக் கொடுக்கும் பெற்றோர், 199-ஏ பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

வேகத்தடை: எது முறையானது, யார் போடலாம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில், ஒரு முதியவர் இடித்துத் தள்ளப்பட்ட மறுவாரம், யாரோ வீடு கட்ட வைத்திருந்த ஜல்லியும் சிமெண்டும் கலந்து இரவோடிரவாக ஒரு மேட்டைப் போட்டார்கள். ஒரு சாண் உயரம் இருக்கும், அகலம் ஒன்றரை அடிகூட இல்லை, வர்ணமும் கிடையாது. மூன்றாவது நாள் தெருவிளக்கு எரியாத நேரத்தில் ஸ்கூட்டரில் கணவருக்குப் பின்னால் அமர்ந்து வந்த ஒரு பெண் தூக்கி எறியப்பட்டு, மணிக்கட்டு முறிந்தது. அவர் அதே தெருவில் குடியிருப்பவர். மேட்டைப் போட்டவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் போடப்பட்டது வேகத்தடை அன்று. ஐப்பசி மழையில் அந்த மேடு தண்ணீரையும் தடுத்து, மேற்கே உள்ள நான்கு வீட்டு வாசல்களில் முழங்கால் அளவுக்குத் தேக்கியது.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரசின் வழிகாட்டு நெறி காட்டும் வேகத்தடை எப்படி இருக்கும் என்றால், உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி செல்லும் திசையில் அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். ஒரு கார் ஏறி, மெல்ல இறங்கும் அளவுக்கு அகலமான முதுகு அது. சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது வலிக்காது. அதைவிட வேகமாக வருபவரை மட்டும் உலுக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் மாறி மாறி அடித்திருக்க வேண்டும். 40 மீட்டர் முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். நம் தெருக்களில் உள்ளவற்றை இந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலானவை உயரத்தில் மிகுந்தும் அகலத்தில் குறைந்தும் இருப்பது தெரியும். கருவுற்ற பெண்களுக்கும், முதுகெலும்பு நோய் உள்ளவர்களுக்கும், ஆம்புலன்சில் படுத்திருப்பவர்களுக்கும் இத்தகைய மேடுகள் பெருந்துன்பம்.

தனிநபரோ நலச் சங்கமோ தானாக வேகத்தடை அமைக்க முடியாது. போக்குவரத்துக் காவல்துறை இடத்தைப் பார்வையிட்டுத் தேவை என்று கருத வேண்டும். சாலையைப் பராமரிக்கும் அமைப்பு அதை விதிப்படி அமைக்க வேண்டும். சாலை வடிவமைப்பு, பராமரிப்பில் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198-ஏ பிரிவு இடமளிக்கிறது என்பதையும் மனுவில் பணிவோடு சுட்டிக்காட்டலாம்.

வேகத்தடை ஒன்றே வழி என்று நாம் பழகிவிட்டோம். தெருமுக்கில் நடைபாதை விளிம்பைச் சற்று நீட்டினால், திரும்பும் வண்டி தானாகவே மெதுவாகும். பள்ளி வாசலில் ஜீப்ரா கிராசிங்கை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால், அதுவே வேகத்தடையாகவும் கடக்கும் இடமாகவும் அமையும். அகலமான வெற்றுச் சாலை வேகத்தை அழைக்கிறது. 2014-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்ட இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சொல்கிறது. பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டது அந்தப் போக்கில்தான். அதே அக்கறை உட்புறத் தெருக்களுக்கும் வர வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

எங்கே, எப்படி மனுக் கொடுப்பது

முதலில் உங்கள் சாலை யாருடையது என்று அறிந்துகொள்ளுங்கள். மாநகராட்சியிடம் சுமார் 387 கிலோமீட்டர் பேருந்து தடச் சாலைகள் உள்ளன. அவற்றுக்குத் தனித் துறை உண்டு. 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உட்புறச் சாலைகளை மண்டலங்களும் 200 வார்டுகளும் பார்த்துக்கொள்கின்றன. சில பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. உட்புறத் தெருவென்றால் மனு, வார்டு உதவிப் பொறியாளருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் போக வேண்டும். நகல் ஒன்று அப்பகுதிப் போக்குவரத்துக் காவல் உதவி ஆணையருக்கும், மற்றொன்று மாமன்ற உறுப்பினருக்கும். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். பதிவு எண்ணைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது இதை எழுப்பித் தீர்மானத்தில் இடம்பெறச் செய்வது மனுவுக்கு வலு சேர்க்கும்.

"வண்டிகள் வேகமாகப் போகின்றன" என்ற ஒரு வரி மனுவால் எதுவும் நகராது. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலைக்குக் குறுக்கே போகிறார்கள், அங்கன்வாடியும் ரேஷன் கடையும் எந்த வீட்டெண் அருகே உள்ளன, எங்கே வளைவு பார்வையை மறைக்கிறது என்றெல்லாம் எழுத வேண்டும். வேகத்தைக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. டேப் பிடித்து, தெருவோரம் சரியாக 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சாக்கட்டியால் கோடு போடுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்தத் தூரத்தைக் கடக்கச் சரியாக 6 விநாடி ஆகும். 50-இல் சென்றால் 3.6 விநாடி. நானும் இரண்டு அண்டை வீட்டாரும் பள்ளி விடும் நேரத்தில் கைப்பேசிக் கடிகாரத்தோடு நின்றோம். மூன்று எண்ணி நான்கு சொல்வதற்குள் இரண்டாவது கோட்டைத் தாண்டிய வண்டிகளைப் பார்த்தபோது, அதுவரை வேகம் பற்றி அலட்டிக்கொள்ளாத அண்டை வீட்டுக்காரரே மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டார். இந்த அளவீடு யாருக்கும் அபராதம் விதிக்க உதவாது; ஆனால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் வேகம் அளக்கும் கருவி வைத்துச் சோதனை செய்யுங்கள் என்று காவல்துறையைக் கேட்பதற்கு இது போதுமான அடிப்படை. விடியோ எடுத்தால் வண்டி எண் தெரியும்படி எடுத்துக் காவல்துறையிடம் மட்டும் கொடுங்கள். ஓட்டுநரின் முகத்தைக் குழுக்களில் பரப்புவதால் சண்டைதான் மிஞ்சும்.

விபத்து நேர்ந்துவிட்டால் 108-ஐ அழைப்பதே முதல் வேலை. அடிபட்டவருக்கு உதவுபவரைக் காவல் நிலையத்துக்கு இழுத்தடிக்கக் கூடாது என்று 134-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளான எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்க்கப்பட்ட அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் வரையறுத்த தொகை வரை இலவசம்.

மனுக் கொடுத்து நெடுநாள் ஆகியும் பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன பதிவு எண்ணுள்ள மனுவின்பேரில் எந்தத் தேதியில் யார் தெருவைப் பார்வையிட்டார், அவர் எழுதிய அறிக்கையின் நகல், போக்குவரத்துக் காவல்துறையின் கருத்து என்று தனித்தனியாகக் கேளுங்கள். சாலையைச் சுரண்டிப் புதிதாகத் தார் போடும்போது பழைய வேகத்தடையும் கூடவே போய்விடும்; மீண்டும் போட்டாலும் வர்ணம் அடிக்காமல் விட்டுவிடுவதுண்டு. அதனால் வேகத்தடைக்குக் கிடைத்த ஒப்புதல் கடிதத்தின் நகலைச் சங்கத்துக் கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள். தார் போட ஆட்கள் வரும் அன்று காலையிலேயே அதைப் பொறியாளரிடம் காட்டி, எந்த விளக்குக் கம்பத்துக்கு நேராக அது இருந்தது என்று இடத்தைக் குறித்துக் கொடுத்துவிடலாம்.