வட்டம் வட்டாரம் ஆகாது

கடைக்கு இடம் பார்க்கும் வணிகர்கள் பெரும்பாலும் என்னிடம் ஒரு வட்டத்தோடுதான் வருகிறார்கள். எடுக்க நினைக்கும் கடையை நடுவில் வைத்து, சுற்றிலும் ஒன்றரை கிலோமீட்டருக்குள் எத்தனை குடும்பங்கள், எத்தனை போட்டிக் கடைகள் என்று கணக்கெடுத்துத் தரச் சொல்கிறார்கள். வரைபடத்தின் மீது தரவுகளை வைத்துக் கணக்கிடும் புவியியல் தகவல் அமைப்பு, அதாவது ஜிஐஎஸ், இந்தக் கணக்கைச் சில நிமிடங்களில் போட்டுவிடும். அப்படிக் கிடைக்கும் விடையை அப்படியே நம்பக் கூடாது என்பதைத் தொழிலின் தொடக்கத்திலேயே இன்னொருவருடைய நஷ்டத்தில் நான் கற்றுக்கொண்டேன்.

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை நடத்திய ஓர் அண்ணாச்சி, ரயில் பாதைக்குக் கிழக்கே இரண்டாவது கடை எடுக்க விரும்பினார். நான் வட்டம் போட்டேன். ஏழு சதுர கிலோமீட்டர் பரப்பில், பாதைக்கு மேற்கே இருக்கும் கொருக்குப்பேட்டையின் நெருக்கமான தெருக்களும் உள்ளே விழுந்தன. குடும்ப எண்ணிக்கை அருமையாக இருந்தது. அவரும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஒரு வருடம் முடிவதற்குள் கடையை மூடும் நிலை வந்தது. நான் போய்ப் பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. "ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க எதுக்குத் தம்பி இங்க வரணும்? அரிசி மூட்டையோட கேட்டுல நின்னா எப்பத் தொறக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குரிய விடை என் அறிக்கையில் எங்குமே இல்லை.

வடசென்னையின் நிலம் நீளவாக்கில் அறுக்கப்பட்ட நிலம். கிழக்கே கடல், அதை ஒட்டி எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, நடுவே கும்மிடிப்பூண்டி வழி செல்லும் ரயில் பாதை, அதற்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். இவை எல்லாமே வடக்கு தெற்காகப் போவதால், கிழக்கு மேற்காக நடப்பவருக்கு நானூறு மீட்டர் தூரம்கூடச் சில இடங்களில் இருபது நிமிடம் ஆகிவிடும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு கடையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டம் போட்டால், அதில் கணிசமான பகுதி வங்கக் கடலுக்குள் போகிறது. ஆனால் கணினி கடலையும் சேர்த்தே பரப்பளவைக் கணக்கிடும். நாம் சொன்னால் ஒழியக் கழிக்காது.

இது இன்று நேற்று வந்த சிக்கல் அன்று. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, இறப்புகளை வரைபடத்தில் குறித்து, ஒரு தெருவின் தண்ணீர்க் குழாயைக் காரணமாகக் காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோவைப் பலரும் அறிவார்கள். அடுத்த ஆண்டு அவர் அளித்த திருத்திய வரைபடத்தில் ஒரு கோடு கூடுதலாக இருந்தது. தெரு வழியே நடந்தால் எந்த இடம் வரை அந்தக் குழாய் மற்றக் குழாய்களைவிட அருகில் என்பதைக் காட்டும் கோடு அது. வட்டம் போடாமல், மக்கள் குடத்தோடு உண்மையில் நடக்கும் வழியை அவர் அளந்தார். இன்று ஒரு கடைக்கான வாடிக்கையாளர் எல்லையை வரைய நாம் செய்ய வேண்டியதும் அதே வேலைதான்.

அதற்கு விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், சாலைகளின் வலைப்பின்னலை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். அதன் மீது "பத்து நிமிட நடை" என்று எல்லை வரைந்தால், வட்டத்துக்குப் பதிலாகக் கை விரித்தது போன்ற கோணல்மாணலான ஓர் உருவம் கிடைக்கும். ரயில்வே கேட் இருக்கும் இடங்களில் நான் காலையும் மாலையும் நேரில் நின்று, காத்திருக்கும் நேரத்தைக் குறித்து அந்தச் சாலைத் துண்டின் மீது ஏற்றுகிறேன். மென்பொருள் தானாகத் தராத இந்த எண்தான் பல சமயம் முடிவையே மாற்றுகிறது. தூரத்தை அளக்கும்முன் தரவை மீட்டர் கணக்கில் அமைந்த ஆயத்தொலைவுக்கு, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களுக்கு, மாற்றுவதும் அவசியம். சென்னைக்கு அது, உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலம். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி உள்ளிட்டால், தண்டையார்பேட்டைக் கடை வடதுருவத்தை ஒட்டிய கடலில் போய் நிற்கும். அவ்வளவு பெரிய பிழை உடனே தெரிந்துவிடும். தெரு ஒன்று தள்ளி விழும் பிழையைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

அந்தச் சிறு பிழைகள் முகவரியில் இருந்து வருகின்றன. வீட்டுக்குப் பொருள் அனுப்பும் கடைகளின் பில் புத்தகம் எந்தச் சந்தை ஆய்வையும்விட மதிப்புள்ளது. ஆனால் அதில் சில "பழைய எண்", சில "புதிய எண்". மீதி "அகஸ்தியா எதிரில்". அந்தத் திரையரங்கு மூடப்பட்டுவிட்டது, முகவரியில் மட்டும் இன்னும் நிற்கிறது. முகவரியை வரைபடப் புள்ளியாக மாற்றும் தானியங்கி இடங்காட்டி இவற்றை ஏதோ ஒரு புள்ளியில் போட்டுவிட்டு வெற்றி என்று அறிவிக்கும். ஆகவே பொருள் கொண்டுபோகும் பையனை அருகில் உட்காரவைத்துத்தான் நான் புள்ளி வைக்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2011 கணக்கெடுப்பு நடந்த பின்னர்தான், அதே ஆண்டில், சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, வார்டுகள் 155இல் இருந்து 200 ஆயின. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாதவரமும் அந்தக் கணக்கில் தனி நகராட்சிகள். பழைய வார்டின் எண்ணைப் புதிய வார்டின் எல்லையில் ஒட்டிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் போக, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய பின் மக்கள் கால் போகும் திசை மாறியதை அந்தப் பட்டியல் எப்படி அறியும்?

மணலி, எர்ணாவூர்ப் பக்கம் குடோன் எடுப்பவர்கள், வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று அறியத் தரைமட்ட வரைபடம் கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பரவலாகப் பயன்படுவது, 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்தில் இருந்து ரேடார் மூலம் எடுத்தது. அதில் ஒரே உயரம் குறிக்கப்படும் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டரே இருக்கும் ஊரில், முழங்கால் தண்ணீரா இடுப்பளவா என்பதை அது சொல்லாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறுப்புக் கோட்டை அளவுநாடாவால் அளந்து குறித்தவை, என்னிடம் இருக்கும் வெள்ள வரைபடத்திலேயே மிக நம்பகமான புள்ளிகள்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது பின்கோடு. கடிதங்களைப் பிரிக்க 1972இல் வந்த ஆறு இலக்க எண் அது. இன்று கடன் கொடுப்பதா, வீட்டுக்குப் பொருள் அனுப்புவதா என்பதை அதுவே முடிவு செய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கடன் நிறுவனம் ஒன்று, வியாசர்பாடியை உள்ளடக்கிய பின்கோடு முழுவதையும் கடன் தரக் கூடாத பகுதி என்று வரைபடத்தில் சிவப்பாக நிறமிட்டுத் தரச் சொன்னது. நான் அவர்களிடம் இருந்த தவணைக் கணக்கையே கேட்டு வாங்கி, பெயர்களை நீக்கி, தெரு வாரியாக வைத்துக் காட்டினேன். தவறிய தவணைகள் சில தெருக்களில் மட்டுமே குவிந்திருந்தன. அந்தத் தெருக்களும் பெரும்பாலும் வெள்ளம் புகுந்து பல நாள் வேலை இல்லாமல் போன தெருக்கள். மற்றத் தெருக்களில் இட்லி மாவு விற்பவர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் மாதம் தவறாமல் கட்டியிருந்தார்கள். அவர்களுக்கும் மறு கடன் மறுக்கப்பட்டிருந்தது.

பின்கோடை நிறமிடும் வேலையை அன்றிலிருந்து நான் ஏற்பதில்லை. யாராவது கேட்டு வந்தால், முதலில் தெரு வாரியான கணக்கைக் கொண்டுவரச் சொல்கிறேன்.